கரண்ட் பில்லைக் குறைக்க உருப்படியாக ஒரு வழி சொல்லுங்களேன்?

தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், பல்பை மாற்றும் முன் 500 என்ற எண்ணைக் கவனியுங்கள். நான் அதைத் தாண்டி மாட்டிக்கொண்ட பிறகுதான் கவனித்தேன்.

2023 கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 538 யூனிட் ஓடியிருந்தது. பில் 2,254 ரூபாய். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டேன். அப்போது முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500-க்குள் நின்றால் அடுத்த நூறுக்கு யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, அதற்கு மேல் 6. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.25-ம் 4.50 ஆகிவிட்டது, மேலே ஓடிய யூனிட்டுக்கு 600 வரை 8 ரூபாய். கடைசியாக ஓடிய யூனிட்தான் பர்ஸைக் கடிக்கிறது.

ஒரு நாள் ராத்திரி ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன். அதில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு மின்னும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது; விளக்கு அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட். எல்லாம் அணைந்த பிறகும் 28 வினாடிக்கு ஒரு தடவை மின்னிக்கொண்டிருந்தது! கிட்டத்தட்ட 40 வாட். யார் குடிக்கிறார்கள்?

மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர். 2012 மின்வெட்டுக் காலத்தில் அப்பா வாங்கியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டால் சார்ஜ் ஏறி முடியவே முடியாது, இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் சிவப்பு விளக்கு நின்றுவிட்டது.

அந்த 40 வாட் இரண்டு மாதத்தில் 58 யூனிட். அது இல்லாதிருந்தால் 480 யூனிட், பில் 1,605 ரூபாய். 649 ரூபாயை ஒரு கிழட்டு பேட்டரி தின்றிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "அது பாட்டுக்கு ஒரு ஓரமா கிடக்கட்டுமேடா, கரண்ட் போனா என்ன பண்ணுவ?" என்றார். இப்போதெல்லாம் எங்கள் பக்கம் எங்கே அப்படிப் போகிறது? கடைசியில் பேட்டரியை மட்டும் மாற்றினோம்.

அப்புறம் ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளது) 30 வாட் அளவில் ஓடும். தினம் 12 மணி நேரம் சுற்றுகிற ஹால் ஃபேனை மட்டும் மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். எப்போதாவது சுற்றுகிற அறைக்கு அதை வாங்குவது வீண். ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள், போதும்.

ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்னாடியே நான் மீட்டரை எட்டிப் பார்த்துவிடுவேன். போன ரீடிங்கிலிருந்து 430 யூனிட் தாண்டியிருந்தால் அந்தப் பத்து நாளும் எல்லோருக்கும் ஒரே அறையில்தான் படுக்கை. பையன் மட்டும் முணுமுணுப்பான்.