ஊர்க் கண்மாயில் பறவை பார்க்கும் குழு: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் சிறிய ஊர் எங்களுடையது. ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு காலையில் ஊர்க் கண்மாய்க்குப் போய்ப் பறவை பார்க்கிறோம். எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அதோடு நிற்காமல் பறவைகளுக்கு உபயோகமாக ஏதாவது செய்ய ஆசை. சிட்டுக்குருவிக்குக் கூடு வைக்கலாம் என்கிறார் ஒருவர், மரம் நடலாம் என்கிறார் இன்னொருவர், முதலில் சங்கத்தைப் பதிவு செய்வோம் என்கிறார்கள் சிலர். எதில் தொடங்குவது?

பதில்: மூன்றையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். வாரம் தவறாமல் ஒரே கண்மாய்க்குப் போகும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. பல பெரிய ஊர்க் குழுக்களுக்கு வாய்க்காதது அது. அங்கே போய்ப் படம் எடுப்பதோடு எண்ணி எழுதவும் ஆரம்பியுங்கள். நீங்கள் கேட்கும் பாதுகாப்பு வேலை அங்கிருந்துதான் பிறக்கும்.

எண்ணுவதால் பறவைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வந்த நாடு தழுவிய அறிக்கை 942 வகைப் பறவைகளை அலசியது. நீண்ட காலப் போக்கைச் சொல்லுமளவுக்குத் தகவல் இருந்தவை 338. அவற்றில் 204 வகைகள் குறைந்திருக்கின்றன. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது சம்பளம் வாங்கும் கணக்கெடுப்புப் படை அல்ல. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் என்ற இலவசச் செயலியில் ஏற்றிய குறிப்புகள். நம் ஊர் மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்து வருகிறது என்பதும் இப்படித்தான் வெளியே வந்தது. யாரும் பனங்காடையைத் தேடிப் போகவில்லை. பார்த்ததையெல்லாம் பலர் பல வருடம் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதில் ‘பார்த்ததையெல்லாம்’ என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாக முக்குளிப்பான் படம் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? முக்குளிப்பான் இல்லையா, இருந்தும் யாரும் படம் எடுக்கவில்லையா, சொல்ல முடியாது. அடையாளம் தெரிந்த அத்தனை பறவைகளையும், காக்கை, மைனா, மடையான் உட்பட எழுதிய பட்டியலில் முக்குளிப்பான் இல்லையென்றால் அது ஒரு தகவல். அன்றைக்கு, அந்த ஒரு மணி நேரத்தில், அத்தனை பேர் கண்ணில் அது படவில்லை. இப்படி நூறு பட்டியல் சேர்ந்தால், அதில் எத்தனையில் முக்குளிப்பான் இருக்கிறது, ஐந்து வருடத்தில் அந்த விகிதம் ஏறியதா இறங்கியதா என்று பார்த்துவிடலாம். ஈபேர்ட் செயலியில் பட்டியலை முடிக்கும்போது ‘கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா’ என்று ஒரு கேள்வி வரும். பலர் யோசிக்காமல் அதைத் தாண்டிவிடுகிறார்கள். நேர்மையாக ‘ஆம்’ என்று சொல்லும்படி பதிவதுதான் வேலையில் பாதி.

சரி, எப்படி எண்ணுவது? நம் பக்கம் நிலம் மேற்கு மலையிலிருந்து கிழக்கே சரிவதால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும். இது உங்களுக்கு வசதி. காலை வெயில் முதுகில் விழ, கரைமேல் நின்று மேற்கே பார்க்கலாம், பறவைகள் கறுப்பு நிழலாகத் தெரியாமல் நிறத்தோடு தெரியும். விடிந்து அரை மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். மடைக்குப் பக்கத்தில் ஓரிடம், உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் ஓரிடம், நடுவில் ஓரிடம் என்று மூன்று நிற்குமிடங்களைத் தீர்மானித்து, வருடம் முழுக்க அதை மாற்றாதீர்கள். ஒவ்வோரிடத்திலும் பதினைந்து இருபது நிமிடம். ஒருவர் தொலைநோக்கியில் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத, மூன்றாமவர் தலைக்குமேல் பறந்து போகிறவற்றைக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் பேசாமல் இருந்தாலே பெரிய உதவி.

பெருங்கூட்டம் வந்தால் திணறத் தேவையில்லை. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். நீலச்சிறகி வாத்துகள் முந்நூறா முந்நூற்று இருபதா என்பது பிரச்சினையே இல்லை. ‘நிறைய’ என்று எழுதுவதுதான் பிரச்சினை. வெள்ளைக் கொக்குகளை மொத்தமாகக் கொக்கு என்று போடாமல் பிரிக்கப் பாருங்கள். அலகு கறுப்பு, கால்விரல் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. கழுத்து குட்டை, அலகு மஞ்சள், மாட்டுக்குப் பக்கத்தில் திரிந்தால் பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. மடையான் தனி ரகம். கோரைக்குள் மண்நிறத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், எழுந்து பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும். அதனால் நாலு மடையான் கண்டேன் என்கிறவர் எண்ணியது பெரும்பாலும் பறந்த நாலைத்தான். எது என்று தெரியாத பறவைக்கு ‘உள்ளான் வகை’, ‘வாத்து வகை’ என்று எழுதுங்கள். ஊகித்துப் பெயர் வைக்க வேண்டாம். குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன, கற்றுக்கொள்ள நன்றாகவே உதவுகின்றன. ஆனால் செயலி சொன்னது என்பதற்காக எதையும் பட்டியலில் ஏற்றக் கூடாது. உங்களில் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்தக் குரல் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

ஈபேர்ட் செயலியில் கேட்காத சிலவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மடைக்கல்லில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மீன் வலை போட்டிருக்கிறார்களா, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த மரத்தில் எத்தனை கூடு. பிற்பாடு அலுவலகங்களில் பேசும்போது பறவைப் பட்டியலைவிட இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

தொலைநோக்கி வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ரகத்தில் குழுவுக்கு இரண்டு போதும். அதிக மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

ஒரு முழு வருடம் ஓடட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைவது, தையில் வலசை வாத்துகள், பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்ற வற்றச் சேற்றோரத்தில் உள்ளான்கள், காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிடுவது என்று முழுச் சுற்றையும் பார்த்துவிடுவீர்கள். பறவை பார்ப்பவர்கள் பலர் தை, மாசியோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். காய்ந்த கண்மாயில் என்ன இருக்கிறது என்ற நினைப்புத்தான். ஆனால் கண்மாயின் தலையெழுத்தை மாற்றும் வேலைகள் அந்தக் காய்ந்த மாதங்களில்தான் நடக்கின்றன. வண்டல் அள்ளுவது, தூர் வாருவது, கரையைப் பலப்படுத்துவது, உள்ளே நிற்கும் கருவேலத்தை ஏலம் விடுவது எல்லாமே அப்போதுதான்.

இங்கேதான் உங்கள் குழுவால் ஆகக்கூடிய காரியம் இருக்கிறது. தூர் வாருவதை எதிர்க்க வேண்டியதில்லை, எதிர்த்தால் ஊரே உங்களுக்கு எதிராகும். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், நியாயம்தான். ஆனால் பொக்லைன் போட்டு ஓரம் வரை ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் மட்டுமே இடம் இருக்கும். நெடுங்கால் உள்ளானுக்குக் கணுக்கால் ஆழம் வேண்டும். கொசு உள்ளானுக்கு விரலளவு தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டும். அதனால் கேட்க வேண்டியது இதுதான்: ஆழம் கரைப்பக்கம் இருக்கட்டும், தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்து ஓரத்தைச் சரிவாகவே விட்டுவிடுங்கள், அள்ளிய மண்ணில் கொஞ்சத்தை நடுவில் திட்டாகக் குவித்து நாட்டுக்கருவேலம் வையுங்கள், கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சுகள் பறக்கும் வரை தொடாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் பலரும் அலைகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. பறவைக் கண்மாய் என்பதால் எல்லாமே வனத்துறை என்று நினைக்காதீர்கள். சரணாலயமாக அறிவிக்காத கண்மாயில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அவர்கள் பொறுப்பில்லை. வேட்டை, கண்ணி, வலை போன்றவற்றுக்குத்தான் அவர்களிடம் போக வேண்டும், ஏனென்றால் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளுக்கு எங்கேயும் பொருந்தும். கொக்கு பிடிக்கிறவர்களை நேரில் மறித்துச் சண்டை போட வேண்டாம். இடம், நேரம், வண்டி எண்ணைக் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கண்மாய் வேலை பற்றிய கோரிக்கையைக் கிராம சபையில் வையுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்கள் மழைக்கு முன்னால் வருகின்றன. தூர் வாரும் திட்டம் பற்றிப் பேச ஜனவரி 26, மார்ச் 22 கூட்டங்கள் பொருத்தம். ‘பறவைகளைக் காப்போம்’ என்று பொதுவாக எழுதிய மனு கோப்பில் தூங்கும். ‘மேற்கு ஓரத்தில் கடந்த மார்ச்சில் இத்தனை உள்ளான்கள் இருந்தன, இதோ தேதிவாரிப் பட்டியல்’ என்று வைத்தால் பொறியாளர் குறைந்தபட்சம் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்.

மீன் குத்தகைக்காரரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். பணம் கட்டி ஏலம் எடுத்தவர், கூழைக்கடா கூட்டமாக இறங்கினால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். வெடி போட்டுத்தான் விரட்டுவார். கூடு கட்டும் மரங்களைச் சுற்றியாவது வெடி வேண்டாம், கிழிந்த நரம்பு வலையைக் கரையில் போட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று இரண்டே விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். கிழிந்த வலையை நீங்களே பொறுக்கி எடுத்தால் இன்னும் நல்லது. அதில் கால் சிக்கிச் சாகும் பறவைகள் அதிகம்.

ஊர் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்களுக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாவது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். இவை சட்டம் போட்டு வந்த பழக்கங்கள் அல்ல. பட்டாசுத் தொழில் நடக்கும் மாவட்டத்துக்காரர்களிடம் வெடியைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், தெரியும். உங்கள் பேச்சை ஊர் கேட்க வேண்டுமென்றால் பள்ளிப் பிள்ளைகளையும் கண்மாயில் ஆடு மேய்ப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை எப்போது வந்தது, எந்த மரத்தில் இருந்த கூட்டத்தை யார் கலைத்தார்கள் என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

சிட்டுக்குருவிக் கூடு வைப்பதில் தவறொன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை என்றே இதே வரிசையில் 2020-ல் வந்த அறிக்கை சொன்னது, குறைந்திருப்பது பெருநகரங்களில்தான். உங்கள் பணமும் உழைப்பும் அதிகம் தேவைப்படுவது வேறு பறவைகளுக்கு. மரம் நடுவதிலும் நிதானம் வேண்டும். மானாவாரிப் பொட்டலும் புல்வெளியும் வெற்றிடமல்ல, கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் அதுதான் வீடு. அங்கே வரிசையாக மரம் நட்டால் அவற்றை விரட்டிவிடுவோம். நட்டே ஆக வேண்டுமென்றால் கரையில் பனை விதை போடுங்கள். பனை உழவாரன் பனையோலையில் கூடு ஒட்டுகிறது, தூக்கணாங்குருவி மட்டையில் தொங்கவிடுகிறது. பட்டுப்போன மொட்டைப் பனை நின்றால் அதை வெட்டவிடாமல் பாருங்கள். பனங்காடையும் கிளியும் மைனாவும் அந்தப் பொந்துகளுக்குத்தான் போட்டி போடுகின்றன.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பு. கூட்டுக்கு முன்னால் நின்று படம் வேண்டாம், மறைக்கிறது என்று கிளையை ஒடிக்க வேண்டாம், குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். ஆந்தை இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது. இதைக் குழுவின் விதியாக எழுதியே வைத்துவிடுங்கள், யார் சொன்னாலும் மனத்தாங்கல் வராது.

வெளியே கைகோர்க்க வாய்ப்புகள் உண்டு. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாள் கணக்கெடுப்பு. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து வருகிறது. நெல்லைப் பக்கம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் முதலில் பயிற்சி பெற்று, பிறகு குளம் குளமாகப் பிரிந்து போகிறார்கள். ஒரு முறை அதில் போய்க் கலந்துகொள்ளுங்கள். பெருங்கூட்டத்தை எண்ணும் பழக்கம் தேர்ந்தவரோடு நின்று எண்ணினால்தான் வரும்.

கடைசியாக, பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். பதிந்தால் வருடாந்தரக் கூட்டம், வரவு செலவு தாக்கல் என்று எழுத்து வேலை வரும், தலைவர் யார் என்ற பேச்சும் வரும். எண்ணுவதற்கோ கிராம சபையில் பேசுவதற்கோ பதிவு எண் தேவையில்லை. நன்கொடை வாங்கி வங்கிக் கணக்கு வைக்கும் கட்டம் வந்தால் அப்போது பதிந்துகொள்ளுங்கள்.