விற்காத புத்தகமும் திரும்பி வந்த பார்சலும்

தனியாளாக இணையத்தில் புத்தகம் விற்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: இணையத்தில் பழைய புத்தகங்கள் விற்று வருகிறேன். ஒருவருடைய வீட்டு நூலகம் முழுவதையும் மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கினேன். மாதக்கணக்கில் காத்திருந்தும் அதில் பெரும்பகுதி விற்கவில்லை. பட்டியலிட்ட விதத்தில் குறையா, விளம்பரம் போதவில்லையா, இல்லை இந்தத் தொழிலே எனக்கு ஒத்துவரவில்லையா?

பதில்: மூன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். புத்தக வியாபாரத்தில் நஷ்டம் கண்ணில் படுவது விற்கும்போது. அது உண்டாவது பெரும்பாலும் வாங்கும்போது. கொடுத்த தொகையைப் புத்தகங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்துத்தான் மலிவு என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தொகை முழுவதும் விற்கக்கூடிய சில புத்தகங்களின் தலையில்தான் விழும். மற்றவை இடத்தை அடைப்பதோடு நேரத்தையும் தின்னும். தூசு தட்டி, பக்கங்களைச் சரிபார்த்து, படம் எடுத்து, விவரம் எழுதிப் பட்டியலில் ஏற்றுவதற்கு ஆகும் நேரம், பலர் தேடும் நூலுக்கும் ஒருவரும் சீந்தாத நூலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேங்கிக் கிடப்பவற்றை வகை பிரித்துப் பாருங்கள். புதிய பதிப்பு வந்துவிட்ட பாடநூல்கள், காலாவதியான கணினிக் கையேடுகள், ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விற்ற நாவல்கள் ஆகியவையே அதிகம் இருக்கும். இந்த நாவல்கள்தான் புதியவர்களை ஏமாற்றுகின்றன. அன்று வாங்கியவர்களில் பலர் இன்று விற்பவர்களாகிவிட்டதால், புகழ் குறையாமல் இருக்கும்போதே விலை மட்டும் சரிந்துவிடுகிறது. மாறாக, குறைந்த படிகளே அச்சான தொழில்நுட்பக் கையேடுகளும், வட்டார வரலாறுகளும், துறைசார் அகராதிகளும் மெதுவாக நகர்ந்தாலும் விலை குறையாமல் போகின்றன.

இணையத்தில் எந்தப் புத்தகத்துக்கும் என்றாவது ஒரு வாசகர் வருவார் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எப்போதாவது மட்டும் விற்கும் எண்ணற்ற பொருள்கள் ஒன்றுசேர்ந்தால் அதுவே பெரிய சந்தையாகும் என்று, கிறிஸ் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாசிரியர் 2004இல் ‘நீண்ட வால்’ என்ற பெயரில் பிரபலப்படுத்திய கருத்து இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. கருத்தில் உண்மை உண்டு. ஆனால் அதன் பலன் ஆயிரக்கணக்கானோரின் அலமாரிகளை ஒரே தளத்தில் திரட்டி, எது விற்றாலும் கமிஷன் பெறுகிறவருக்குத்தான் முதலில் போய்ச் சேர்கிறது. ஒரே ஒரு படியை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அந்த ‘என்றாவது’ எப்போது என்பதுதான் கேள்வி.

ஆகவே அடுத்த கொள்முதலுக்குப் போகும்போது முதலில் பத்து, பதினைந்து சிறந்த புத்தகங்களைத் தனியே எடுத்து வைத்து, அவை மட்டும் விற்றாலே போட்ட பணம் திரும்புமா என்று பாருங்கள். திரும்பாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கைப்பேசிச் செயலியால் பின்னட்டையில் உள்ள பட்டைக்குறியை (பார்கோடு) வருடிப் பார்த்து மட்டும் வாங்குவதும் போதாது. அந்தக் குறியில் இருப்பது ஐ.எஸ்.பி.என். எனப்படும் நூல் அடையாள எண். அது சர்வதேசத் தரமானது 1970இல்தான் என்பதால், அதற்கு முந்தைய நூல்களைப் பற்றிச் செயலி பெரும்பாலும் மௌனம் சாதிக்கும். உங்கள் சொந்த அறிவுக்குக் கூலி கிடைக்கும் இடமும் அதுவே. 2007 ஜனவரிக்கு முன் இந்த எண்ணில் 10 இலக்கங்கள், இப்போது 13. பழைய எண்ணின் முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது. மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படும், கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பட்டியலிட்டு, வாங்குபவர் தேடியும் கிடைக்காமல் போன புத்தகங்கள் நிறைய.

இப்போது கிடப்பவற்றை என்ன செய்வது? விலையை ஒருமுறை நன்றாகக் குறையுங்கள். அதற்கும் நகராதவற்றை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். ஆனால் தள்ளுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எதற்காக வாங்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ‘அட்டை அழகாக இருந்தது’ என்ற வரி எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

கேள்வி: அனுப்பிய புத்தகங்கள் அடிக்கடி திரும்பி வருகின்றன. ‘நல்ல நிலை’ என்று குறிப்பிட்டே விற்கிறேன். ஆனாலும் புகார் எழுதி, குறைந்த மதிப்பீடும் கொடுத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்பு அளவு கடந்துவிட்டதா?

பதில்: பழைய புத்தக வணிகத்தின் தர வரிசையில் ‘நல்ல நிலை’ என்பது கீழ்ப்பாதியில் இருக்கிறது. அதற்கு மேல் ‘மிக நல்ல நிலை’, ‘சிறந்த நிலை’, ‘புதியது போன்றது’ எல்லாம் உண்டு. இந்த வரிசை விற்பவருக்குப் பழக்கமானது. வாங்குகிற வாசகர் அதைக் கண்டதே இல்லை. ஆகவே தரத்தோடு நிறுத்தாமல் குறைகளைச் சொல்லுங்கள்: எந்தப் பக்கங்களில் அடிக்கோடு, முதல் தாளில் யாருடைய கையெழுத்து, மேலுறையில் எந்த ஓரத்தில் கிழிசல், தாளில் பழுப்புப் புள்ளிகள் உண்டா இல்லையா. படத்தில் தெரியாத குறை ஒன்று உண்டு: வாசனை. புகை நாற்றமும் பூஞ்சண நாற்றமும் அடிக்கிற புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறவர் மீது கோபப்பட நியாயமே இல்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டிகளை அடுக்காதீர்கள்.

மூலை நசுங்கி வருகிறது என்ற புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் பார்சல்தான். பெட்டிக்குள் புத்தகம் நகர இடமிருந்தால், பெட்டி கீழே விழும்போது முழு எடையும் ஒரே மூலையில் இறங்கும். முதலில் ஈரம் புகாதபடி பிளாஸ்டிக் உறை. அதன் மேல் இருபுறமும் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய நெளி அட்டைகள். அட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டும்போது டேப் புத்தகத்தின் மேலட்டையில் படக்கூடாது. இப்படிக் கட்டினால் மூலைக்கு முன்னால் அட்டையின் விளிம்பு அடியை வாங்கிக்கொள்ளும். கடைசியாகப் பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுவது, ரிட்டர்ன் வருவதைவிடச் செலவு குறைவு.

கேள்வி: போட்டியாளர்களின் விலையைப் பார்த்துத் தானாக விலை மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்தலாமா?

பதில்: வரம்பு போட்டுப் பயன்படுத்துங்கள். 2011இல் ஈக்களின் வளர்ச்சி பற்றிய உயிரியல் நூல் ஒன்றின் விலை ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் 2 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டியது. ஒரு விற்பனையாளரின் மென்பொருள் தன் விலையை மற்றவரின் விலையைப்போல் 0.998 மடங்காகவும், மற்றவருடையது தன் விலையை இவரின் விலையைப்போல் 1.27 மடங்காகவும் நிர்ணயித்துக்கொண்டே போனதுதான் காரணம். அதை வேடிக்கையாக எல்லோரும் பகிர்ந்தார்கள். உங்களைப் போன்றவருக்கு ஆபத்து எதிர்த்திசையில்: இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று கீழே இழுத்தால், அனுப்பும் செலவுக்குக்கூடக் கட்டாத விலையில் ஆர்டர் விழுந்துவிடும். ஒவ்வொரு நூலுக்கும் கொள்முதல், கமிஷன், உறை, கூரியர் அனைத்தையும் கூட்டிக் கீழ் எல்லையை நீங்களே எழுதுங்கள். அரிய நூல்களை மென்பொருளின் கையில் விடவே வேண்டாம்.

கேள்வி: என் விற்பனைக் கணக்கை ஒரு தளம் திடீரென முடக்கியது, மீண்டும் திறக்கும் வரை வியாபாரமே நின்றுபோயிற்று. இனி என்ன முன்னெச்சரிக்கை எடுக்கலாம்?

பதில்: உங்கள் பட்டியலின் மூலப் பிரதி தளத்தில் இல்லாமல் உங்கள் கணினியில் இருக்கட்டும், விவரம், படம், விலை, அலமாரி எண் எல்லாம் சேர்த்து. அது இருந்தால் வேறு இடத்தில் கடை திறக்கச் சில நாட்கள் போதும். இரண்டாவது தளத்திலோ சொந்தப் பக்கத்திலோ இப்போதே ஒரு பகுதியை வைத்துவிடுங்கள். ஆனால் ஒரே ஒரு படி உள்ள நூலை இரண்டு இடங்களிலும் காட்டினால், ஓரிடத்தில் விற்றவுடன் மற்றதில் நீக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் அரிய நூல்களை ஓரிடத்திலும், பல படிகள் உள்ளவற்றை இரண்டு இடங்களிலும் வைப்பது வழக்கம்.