சீஸ் ஒழுகினால் ஓவனை மாற்றாதீர்கள்

கேள்வி: ஃபிரைட் றைஸ் செய்யும் நாட்களில் பக்கத்தில் வைக்க, துருவிய மரக்கறியும் சீஸும் சேர்த்துச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து ஓவனில் வைக்கிறேன். மேற்பக்கம் கறுத்துவிடுகிறது, உள்ளே களி மாதிரி இருக்கிறது, சீஸ் தட்டில் ஒழுகி எரிகிறது. கடைக்காரர் காற்றாடி வைத்த பெரிய ஓவன்தான் சரிவரும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். கடைக்காரருக்கு ஓவன் விற்க வேண்டும், அதனால் அப்படித்தான் சொல்லுவார். உங்கள் உருண்டையைக் கெடுப்பது முதலில் மரக்கறியில் உள்ள தண்ணீர், அடுத்தது சீஸ். மூன்றாவது மின்சாரம். அது உங்கள் கையில் இல்லை.

தண்ணீரைப் பார்ப்போம். கரட் 200 கிராம், பூசணி 200 கிராம், லீக்ஸ் 100 கிராம். முதல் இரண்டையும் துருவி, லீக்ஸைப் பொடியாக வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி 20 நிமிடம் விடுங்கள். பிறகு சுத்தமான வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். முதலில் தண்ணீர் ஓடும். அதோடு நிறுத்தாமல், சொட்டுச் சொட்டாகி அதுவும் நிற்கும்வரை முறுக்க வேண்டும். துணியை விரித்தால் துருவல் பாய் மாதிரி ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பிழிந்த தண்ணீரைப் பருப்புக்குள் விடலாம், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு, பின்னர் கலவை தளர்கிறதென்று கோதுமை மாவை அள்ளிப் போடுகிறார்கள். அந்த மாதான் உள்ளே களியாகிறது.

லீக்ஸ் தம்புள்ளையிலிருந்து வந்து வாடிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். இங்கே தோட்டத்தில் விளைகிற பயிற்றங்காயைப் பொடியாக அரிந்து, ஆவியில் 5 நிமிடம் வைத்துச் சேர்த்தால் போதும்.

பிழிந்த மரக்கறியோடு தோலுடன் அவித்து உரித்து மசித்த உருளைக்கிழங்கு 250 கிராம், ரஸ்க் தூள் 60 கிராம், ஒரு முட்டை, பச்சை மிளகாய் இரண்டு, மிளகுதூள், கறிவேப்பிலை. கிழங்கு நன்றாக ஆறியிருக்க வேண்டும். இது 20 உருண்டைக்குக் காணும்.

சீஸ் 100 கிராம். துருவிக் கலக்க வேண்டாம், மேலே தூவவும் வேண்டாம். நீங்கள் மேலேயும் தூவியிருந்தால், கறுப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். 20 சின்னத் துண்டாக வெட்டி ஃபிறீசரில் அரை மணித்தியாலம் வைத்து, ஒவ்வொன்றையும் உருண்டையின் நடுவில் புதையுங்கள். சுற்றிவர ஒரு விரல் தடிப்புக்குக் கலவை இருந்தால், அது இறுகிய பிறகுதான் சீஸ் உருகும். தேசிக்காய் அளவுக்குப் பிடித்து லேசாகத் தட்டி, பிறிஜ்ஜில் மறுபடி அரை மணித்தியாலம் வையுங்கள்.

இனிச் சீஸ் வாங்குகிற விசயம். பெரிய கட்டியிலிருந்து வெட்டி, திகதியோ பெயரோ இல்லாமல் பொலித்தீனில் சுற்றிச் ‘செடார்’ என்று விற்பதை வாங்காதீர்கள். அது செடார்தானா, கரண்ட் இல்லாத நேரம் எத்தனை தரம் இளகி இறுகியது என்று யாருக்கும் தெரியாது. மேலே எண்ணெய் முத்துமுத்தாகப் பூத்திருந்தால் இளகியிருக்கிறது என்று அர்த்தம். ‘பீட்சா சீஸ்’ என்று மலிவாக வருகிற சிலவற்றின் லேபிளில் தாவர எண்ணெய், மாச்சத்து என்று பொடி எழுத்தில் இருக்கும். வாங்குபவர் வாசிக்கக்கூடாது என்பதற்காகவே அச்சடித்த எழுத்து அது. செடாரென்றால் பால், உப்பு, கல்ச்சர் (பாலைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்), ரென்னெற்றோடு முடிந்துவிடும். நிறத்துக்கு ஏதாவது இருக்கலாம். ஈயத்தாளில் சுற்றிய முக்கோணச் சீஸில் தண்ணீர் கூட, அது பாணுக்குத்தான் நல்லது.

மரக்கறி மட்டும் உண்கிறவர்களுக்கும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீஸில் முட்டை இல்லை, பால்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். பாலை உறைய வைக்கிற ரென்னெற் சிலவற்றில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது, சிலவற்றில் நுண்ணுயிரிலிருந்து. லேபிளில் ‘நுண்ணுயிர் ரென்னெற்’ என்றோ பச்சைக் குறியோ இருந்தால் தாராளமாக வாங்கலாம். வெறுமனே ‘ரென்னெற்’ என்றிருந்தால் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், அவருக்கும் தெரியாது. அந்த நாளைக்கு ஒரு லீற்றர் பசுப்பாலைக் கொதிக்க வைத்து இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டுத் திரைத்து வடித்தால் 150 கிராமுக்குக் கிட்டப் பன்னீர் கிடைக்கும். அதற்கும் குறைவாகக் கிடைத்தால் பால்காரரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒன்று மட்டும், புளி விட்டுத் திரைத்த பன்னீர் ஓவனில் உருகாது, நூல் மாதிரி இழுக்காது. முட்டைக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். இந்த உருண்டை திருப்பும்போது உடையும், அகப்பையால் அடியோடு எடுத்துத் திருப்புங்கள்.

ஓவன் 200 பாகை செல்சியஸ், தட்டு ஓவனின் நடு அடுக்கில். தட்டில் எண்ணெய் பூசி அதையும் சூடாக்கி, பிறகு உருண்டைகளை ஒட்டாமல் அடுக்குங்கள். 15 நிமிடத்தில் திருப்பி, இன்னும் 10 நிமிடம். எடுத்ததும் 5 நிமிடம் தொடாதீர்கள், சூட்டோடு கிளப்பினால் அடி தட்டிலேயே நின்றுவிடும்.

இரவுச் சாப்பாட்டுக்கென்று ஏழு மணிக்கு ஓவனைப் போடுகிறீர்கள் என்றால் வேறு கதை. மாலை 6.30 முதல் 10.30 வரை மின்பாவனையின் உச்ச நேரம். உட்கிராமங்களில் லைன் கடைசி வீடுகளுக்கு அப்போது 230 வோல்ட் வருவதில்லை. 180 வோல்ட் வந்தால் 1500 வாட் ஓவன் 920 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். சூடு ஏறாமல் உருண்டை ஆவியில் அவிந்து, இறுகுவதற்கு முன்னரே சீஸ் வெளியே வந்துவிடும். ட்ரான்ஸ்ஃபோமரைக் கூட்டித் தரக் கேட்டு எழுதிய கடிதங்கள் எந்தக் கோப்பில் உறங்குகின்றனவோ. பெரிய ஓவன் வாங்கினால் அது இன்னும் மோசமாகத் தடுமாறும். ஆகவே பின்னேரம் நான்கு மணிக்கே சுட்டு வைத்துவிட்டு, சாப்பிடும் நேரம் தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் இரண்டு பக்கமும் சூடாக்குங்கள். ஓவன் சூடேறி அதன் சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் உருண்டைகளை உள்ளே வைக்க வேண்டும். 10 நிமிடம் கழிந்துவிட்டதே என்று வைக்காதீர்கள்.

பிளக்கையும் ஒருமுறை பாருங்கள். 1500 வாட் ஓவன் 6.5 அம்பியர் இழுக்கும். அதைப் பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கற்றில் அடப்ரர் வைத்துச் செருகியிருந்தால் இன்றைக்கே கழற்றி, 13 அம்பியர் சொக்கற்றுக்கு மாற்றுங்கள்.