மெலிந்து வந்த லெப்பர்டு கெக்கோவைத் தேற்றுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): புதிதாக வாங்கி வந்த லெப்பர்டு கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியின் வால் பென்சில் போல் ஒட்டிக் கிடக்கிறது. முழு வளர்ச்சி அடைந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்; எடையோ 28 கிராம். உடனே நிறைய இரை கொடுத்துத் தேற்றிவிடலாமா, ஐயா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். வளர்ந்த லெப்பர்டு கெக்கோ பெரும்பாலும் 45 முதல் 80 கிராம் வரை இருக்கும். அது கொழுப்பை வாலில் சேமித்து வைக்கும் உயிர் என்பதால், நலமாக உள்ள ஒன்றின் வால் ஏறக்குறைய கழுத்தின் பருமனுக்கு இருக்க வேண்டும். உங்களுடையது சேமிப்பு முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது. நீண்ட பட்டினியில் கிடந்த உடலுக்குள் ஒரேயடியாக இரையைத் திணித்தால் இரத்தத்தில் உள்ள உப்புகளின் சமநிலை குலைந்து, சாப்பிட்ட பிறகே உயிர் போகும் நிலை வரலாம். முதலில் சூடு, அடுத்து நீர், அதன் பிறகே இரை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கூண்டின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறு பக்கம் 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருக்கட்டும்; இரு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வையுங்கள். கண்கள் குழிந்து, தோல் சுருங்கியிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். கெக்கோவின் கணுக்கால் அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான நீர் ஊற்றிய டப்பாவில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பக்கத்தை விட்டு நகராதீர்கள். இரண்டு மூன்று நாள் இப்படி நிலைப்பட்ட பின், அதன் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்டாத சிறிய பூச்சிகள் இரண்டைக் கொடுங்கள். செரித்து எச்சம் ஒழுங்காக வந்தால் மெல்ல மெல்லக் கூட்டலாம். நகைக்கடைத் தராசு போன்ற சிறு டிஜிட்டல் தராசில், வாரம் ஒரு முறை, இரை கொடுப்பதற்கு முன் நிறுத்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டை): சித்திரை, வைகாசியில் நம் ஊரே அனலாகக் கொதிக்கும்போது தனியாக ஹீட்டர் எதற்கு?

பதில்: அந்த மாதங்களில் பகலில் தேவையே இல்லை, அறை 35 டிகிரியைத் தாண்டினால் கூண்டைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதுதான் வேலை. ஆனால் ஐப்பசி முதல் தை வரை நிலைமை வேறு. மழை பிடித்துக்கொண்டால் தரை குளிர்ந்துவிடும். தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ள இயலாத இந்த உயிருக்கு, வயிற்றில் இரை இருந்தும் செரிக்காமல் அங்கேயே அழுகத் தொடங்கும். மெலிந்த கெக்கோக்கள் வயிறு நிறைந்த நிலையில் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்தபோது நம் பகுதியில் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் இரையை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஓரத்தில் வையுங்கள். வளர்ந்த கெக்கோ சில நாள் இரையின்றி இருக்கும். ஹீட் மேட்டை (சூடேற்றும் விரிப்பை), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும்.

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): கடையில் மீல்வார்ம் (மாவுப்புழு) மட்டும்தான் கிடைக்கிறது. வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடலாமா?

பதில்: கூடாது. எந்த வீட்டில் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்த கரப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ப்பு டுபியா கரப்பானோ கிரிக்கெட் பூச்சியோ கிடைத்தால் நல்லது. மீல்வார்ம் மட்டுமே என்றால் சிறியதாகவும், அப்போதுதான் தோல் உரித்து வெளுப்பாக உள்ளதாகவும் பார்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள் அந்தப் பூச்சிகளுக்கு முருங்கைக் கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, பிறகு பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் தூளில் புரட்டிப் போடுங்கள். சோறு, இறைச்சி, பூனை உணவு எதுவும் வேண்டாம். கொழுப்பு மிகுந்த வாக்ஸ்வார்ம் (மெழுகுப்புழு) எடையைச் சீக்கிரம் ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ருசி கண்ட கெக்கோ மற்ற இரையைத் தொட மறுக்கும்.

கேள்வி (அரியாங்குப்பம்): கடற்கரை மணலைக் கழுவி, காயவைத்துப் பரப்பலாமா?

பதில்: வேண்டாம். பலவீனமான கெக்கோ மணலை விழுங்கினால் குடல் அடைபடும். வெள்ளை டிஷ்யூ தாளே போதும். எச்சம் எப்படி வருகிறது என்பதும் அதில் தெளிவாகத் தெரியும்.

கேள்வி (வில்லியனூர்): மாலையானால் கொசுத்தொல்லை, கூண்டில் எறும்பும் ஏறுகிறது. என்ன செய்வது?

பதில்: கொசுவத்தி, கொசு லிக்விட், பூச்சி ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ் ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு மருந்து ஊர்வனவற்றின் நரம்புகளைப் பாதிக்கும். கெக்கோ இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். எறும்புக்கு, நம் வீடுகளில் பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே முறையில் கூண்டு வைத்த மேசையின் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். தின்னாமல் விட்ட பூச்சிகளை இரவே எடுத்துவிடுங்கள். பசித்த பூச்சி, தூங்கும் கெக்கோவின் விரலையும் கடிக்கும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): நன்றாகவே தின்கிறது, சூடும் சரியாக இருக்கிறது, ஆனாலும் எடை குறைந்துகொண்டே போகிறது. எச்சம் நீர்த்து, நாறுகிறது.

பதில்: இதை வீட்டு வைத்தியத்தில் விடாதீர்கள், அம்மா. குடற்புழுவாக இருந்தால் மருந்தில் தீரும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருந்தால் முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை, பிற கெக்கோக்களுக்கும் பரவும், சாதாரண பிளீச்சுக்கும் அடங்காது. புதிய எச்சத்தைச் சிறு டப்பாவில் ஈரம் காயாமல் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நாய்க்குக் கொடுத்த பூச்சி மருந்தில் ஒரு சொட்டு கொடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): செஞ்சிப் பாறைகளில் பிடித்த பல்லி ஒன்றையும் இதே முறையில் வளர்க்கலாமா?

பதில்: காட்டுப் பல்லியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், நம் நாட்டுப் பல்லிகளில் பல, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. லெப்பர்டு கெக்கோவுமே ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தொடங்கி இந்தியாவின் வடமேற்கு வரை இயற்கையில் வாழ்வது என்பதால், வாங்கும் முன் வனத்துறையிடம் விசாரித்து, கூண்டில் பிறந்தது என்பதற்கான ஆவணத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி (முதலியார்பேட்டை): என் மகளுக்கு நான்கு வயது. கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்கிறாள். எப்போது கொடுக்கலாம், சார்?

பதில்: எடை தொடர்ந்து ஏறி, வால் திரளும் வரை யாருமே தேவையின்றி எடுக்க வேண்டாம். தேறிய பிறகும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு, ஏனெனில் நலமாகத் தெரியும் கெக்கோவின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். இப்போதைக்கு அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். கூண்டைத் தொட்டவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.