கல்லீரலும் தலைவர் நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் கல்லீரல் மருத்துவர் ஷீலா ஷெர்லாக் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் பாம்பன்காரி. அப்பா விசைப்படகில் போகிறவர். ராமநாதபுரத்தில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் தெருவில் காமாலை வராத வீடு குறைவு. அப்பாவுக்கு வந்தபோது அப்பத்தா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். சில வாரத்தில் எழுந்து கடலுக்குப் போய்விட்டார். கல்லீரல் மருத்துவம் படிக்கும் ஆசை அப்போது வந்ததுதான்.

என் கேள்வி இது. அவ்வளவு நல்ல ஆராய்ச்சியாளர் சங்கம், மாநாடு, தலைமைப் பொறுப்பு என்று ஏன் இத்தனை வருடத்தைச் செலவழித்தார்? "ஆராய்ச்சி வராதவங்கதான் சங்கத்துக்குப் போவாங்க" என்கிறார்கள் எங்கள் சீனியர்கள். கீழாநெல்லி பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.

எம்., பாம்பன்

அன்புள்ள எம்,

சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. பொன்னாடைக்கும் குரூப் போட்டோவுக்கும் என்றே நடக்கும் சங்கங்களை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். ஆனால் கல்லீரல் விஷயத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

ஷெர்லாக் 1941-ல் எடின்பரோவில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். பெண் என்பதால் அங்கே பயிற்சி மருத்துவர் வேலை கிடைக்கவில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்கு, ஜான் மெக்மைக்கேலிடம் வந்து சேர்ந்தார். போர்க்காலம் அது, காமாலை நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பித்தக் குழாயின் வாயில் சளி அடைத்துக்கொள்வதால் காமாலை வருகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ காலத்து விளக்கம். அதையே பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரிபார்க்க வழியில்லை. இந்தக் காமாலையில் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள், அறுத்துப் பார்க்கக் கல்லீரல் கிடைக்காது. செத்துப்போன சிலருடைய கல்லீரலோ முற்றிலும் சிதைந்திருக்கும்.

உயிரோடு இருப்பவரிடமிருந்தே எடுத்தால்தான் உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்கச் சொல்வார்கள். ஊசி உள்ளே இருக்கும்போது மூச்சிழுத்தால் கல்லீரல் நகர்ந்து கிழிந்துவிடும். வலப்பக்க விலா இடுக்கில் ஊசி இறங்கி ஏறும்போது அதற்குள் தடித்த தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் கயிறு) துண்டு போல ஒன்று வரும், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். பிறகு மணிக்கணக்கில் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், உள்ளுக்குள் ரத்தம் கசிகிறதா என்று. 1943-ல் டிபிள், மெக்மைக்கேல், ஷெர்லாக் மூவரும் லான்செட் மருத்துவ இதழில் முடிவை எழுதினார்கள். கோளாறு குழாய் வாயில் இல்லை, கல்லீரல் செல்களில்தான். அழற்சி கண்டு அவையே செத்துக்கொண்டிருந்தன.

அந்தத் துண்டு முழுக் கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு லண்டனில் ஒருவர் ஒரு நோய் என்பார், ஜெர்மனியில் இன்னொருவர் வேறு நோய் என்பார். இருவரும் ஒரே மருந்தைக் கொடுத்து எதிரெதிர் முடிவு சொன்னால் யாரை நம்புவது? துண்டுகளின் ஸ்லைடுகளை ஒரே மேசையில் வைத்துச் சண்டை போட்டுத்தான் தீர வேண்டும். அந்த மேசையைப் போடுகிற வேலைக்குத்தான் சங்கம். 1958-ல் கல்லீரல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், 1966-ல் ஐரோப்பியச் சங்கம், இரண்டின் தொடக்கத்திலும் ஷெர்லாக் இருந்தார். நாள்பட்ட ஹெபடைடிஸை, அதாவது கல்லீரல் அழற்சியை, எப்படி வகைப்படுத்துவது என்று ஐரோப்பிய நோய்க்கூறியல் நிபுணர்கள் கூடிப் பேசி 1968-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1971-ல் அவருடைய குழு, நாள்பட்ட ஹெபடைடிஸில் ஒரு வகைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சாவு குறைகிறது என்று ஒப்பீட்டுச் சோதனையில் காட்டியது. இதில் எது ஆராய்ச்சி, எது சங்க வேலை என்று உங்கள் சீனியர்களால் கோடு போட முடிகிறதா, கேட்டுப் பாருங்கள்.

1959-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிரிட்டனில் மருத்துவத் துறைப் பேராசிரியரான முதல் பெண் அவர். பட்டங்களையும் விருதுகளையும் இணையத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

இனி கீழாநெல்லி. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்கோடு சேர்ந்து, ஒரு சோதனையை லான்செட்டில் வெளியிட்டது. பி வைரஸை உடலில் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. சாப்பிடாத 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. நம் அப்பத்தாக்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. தியாகராஜனை நான் குறை சொல்ல மாட்டேன். வேலியோரச் செடியைச் சோதனைக்கு உட்படுத்தி, மற்றவர்கள் மறுத்துப் பார்க்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாரே, அதுதான் பெரிது.

அப்பாவுக்கு வந்தது தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வகையாக இருந்தால், கீழாநெல்லி இல்லாமலும் அநேகமாக எழுந்திருப்பார். அப்பத்தாவிடம் இதற்காக வாதாட வேண்டாம். ஆனால் கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் மோரோடு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈ வகை அவர்களுக்கு உயிராபத்து. தெருவில் இதை நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். எந்த வீட்டில் யாருக்கு, எந்த மாதம் காமாலை வந்தது, குழாய்த் தண்ணீரா, வண்டிக்காரரிடம் வாங்கிய குடமா, மணலில் தோண்டிய ஊற்றா, காய்ச்சிக் குடித்தார்களா. இவ்வளவு கேட்டு எழுதினால் போதும். கம்யூனிட்டி மெடிசின் துறையில் ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வருமுன் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். கிடைத்ததைக் கல்லீரல் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் வையுங்கள், கிழித்துப்போடட்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் அப்பத்தாவுக்குப் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.