சிரஸ்தார் பதில்கள்: கிள்ளான் கொலைக்கு வெள்ளகோவிலில் துப்பு

(கோபிசெட்டிபாளையம் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய ஆவணங்கள் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்க அப்பாருக்கு மூத்தவர் ஒருத்தர் ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா போனார். கிள்ளான் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட்டில் துரை அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக அப்பத்தா சொல்லுவாங்க. மேட்டூர் டேம் திறந்த மறு வருஷம் சேதி வந்ததாம். வீட்டில் ஒரு கடுதாசிகூட இல்லை. பழைய பேப்பரெல்லாம் இப்போது நெட்டிலேயே கிடைக்கிறது என்கிறான் பேரன். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, வெள்ளகோவில்

பதில்: பாதி வேலையை உங்கள் அப்பத்தாவே முடித்து வைத்துவிட்டுப் போயிருக்காங்க, அம்மிணி. மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்ட். மறு வருஷம் என்றால் 1935. ஆனால் சேதி வந்த நாள் வேறு, ஆள் செத்த நாள் வேறு. தோட்டத்துக் கூலி செத்ததற்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. ஊர் திரும்புகிற கங்காணியோ (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவர்), கூட வேலை பார்த்தவரோ பினாங்கில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, திருச்சி வழியாக ரயிலில் வந்து வாய்வழியாகச் சொன்னால்தான் உண்டு. அதனால் 1934 ஜனவரி முதல் 1935 டிசம்பர் வரை தேடுங்கள்.

பேரன் சொன்னதும் சரிதான். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்ற பெயரில் பழைய பத்திரிகைகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் தேடுகிற காலத்துக்கு ஒரு பைசா செலவில்லை. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ 1845-இல் தொடங்கியது, ‘மலாயா டிரிப்யூன்’ 1914-இல். இரண்டும் சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் என்றாலும் கிள்ளான், ஈப்போ, சிரம்பான் என்று மலாயா முழுக்கச் செய்தி போட்டவை. 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் அங்கே உண்டு.

பெரியவரின் பெயரைப் போட்டு மட்டும் தேடாதீர்கள். நம் பக்கத்துச் சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் வெள்ளைக்கார நிருபர் கையில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல், மங்கிப்போன அச்சைக் கம்ப்யூட்டர் தப்புத் தப்பாகப் படித்து வைத்திருக்கும். ஊரையும் சம்பவத்தையும் போடுங்கள்: கிள்ளான், எஸ்டேட், டமில், மர்டர். அப்புறம் கங்காணி, டாப்பர் (ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்), டாடி ஷாப் (கள்ளுக்கடை), பாராங் (மலாய் வெட்டுக்கத்தி) என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில். கங்காணியின் கடைசி எழுத்துக்கு ‘ஐ’ போட்டு ஒரு தடவை, ‘ஒய்’ போட்டு ஒரு தடவை.

சரி, கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வரி இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது கேஸின் முதல் தாள்தான். ஒரு கொலை பேப்பரில் மூன்று இடத்தில் வரும். சம்பவம் நடந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒன்று. மாஜிஸ்திரேட் முன்னால் ஆரம்ப விசாரணை நடக்கும்போது ஒன்று. மாதக்கணக்கு கழித்து ‘கோலாலம்பூர் அஸைஸஸ்’ என்ற தலைப்பில் பெரிய கோர்ட் விசாரணை. சாட்சி சொன்னதெல்லாம் கடைசி இரண்டில்தான் இருக்கும். கிள்ளான் இருப்பது சிலாங்கூரில். அந்த நாளில் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் நான்கிலும் கொலை வழக்குக்கு ஜூரி கிடையாது. நீதிபதியும், அவருக்குக் கருத்துச் சொல்லத் துணைக்கு இரண்டு அசெஸர்களும்தான். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் ஜூரி உண்டு. செய்தியில் அசெஸர் என்ற சொல் வந்தால் சரியான பக்கம்தான் தேடுகிறீர்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அங்கேயும் கொலைக்கு 302-ஆம் பிரிவு, கொலையாகாத மரணத்துக்கு 304. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் அங்கே சட்டம் எழுதினார்கள். காலமெல்லாம் நான் கட்டுக் கட்டாகத் தூக்கிச் சுமந்த நம்பர்கள், கடல் தாண்டியும் அதே நம்பர்கள். இங்கே 2024 ஜூலை முதல் கொலைக்கு 103 ஆக்கிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை.

துரை சுட்ட கதைக்கு வருகிறேன். 1911 ஏப்ரலில் கோலாலம்பூரில் எதெல் பிரவுட்லாக் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு வெள்ளைக்காரரைச் சுட்டுக் கொன்றார். பத்திரிகைகள் விசாரணையைப் பத்தி பத்தியாக, நாள் தவறாமல் எழுதித் தள்ளின. ஜூனில் தூக்குத் தண்டனை. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னித்துவிட்டார். ஜூன் பேப்பரோடு நிறுத்தியவன் அந்த அம்மாளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிவான். வெள்ளைக்காரர் கோர்ட்டில் நின்றாலே அது பெரிய செய்தி. உங்கள் பெரியவரை ஒரு துரை சுட்டு அது கோர்ட்டுக்கும் வந்திருந்தால் தேடாமலே கண்ணில் படும். மூலையில் ஆறு வரி மட்டும் இருந்தால், வெட்டினவர் பெரும்பாலும் பக்கத்து லயத்துக்காரர்தான் (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு). ‘தற்செயலாகக் குண்டு பாய்ந்தது’ என்று வந்திருந்தால் மட்டும் உங்கள் அப்பத்தா பக்கம் நின்று யோசிக்க வேண்டும்.

வீட்டுக் கதை ஏன் மாறுகிறது என்பதற்கு எங்கள் வீட்டையே சொல்லலாம். என் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) அண்ணன் பேராக்கில் செத்தவர். ‘புலி அடிச்சிருச்சு’ என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். பேப்பரில், கால்பந்து ஆட்ட முடிவுகளுக்குக் கீழே கோர்ட் செய்தி கிடந்தது. அவர் பெயர் அந்த ஒரே செய்திக்குள் மூன்று விதமாக அச்சாகியிருந்தது. லயத்து வாசலில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண் சாட்சி சொல்கிறாள்: எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) கையில் சங்கோல் இருந்தது. (தோட்டத்துத் தமிழில் சங்கோல் என்றால் மண்வெட்டி.) செத்தவர், ‘தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பக் கொடுத்த வெள்ளி எங்கே?’ என்று கேட்டது தன் காதில் விழுந்தது. (வெள்ளி என்றால் அங்கே டாலர்.) அந்தத் தங்கச்சி என் அம்மிச்சி. 302 நிற்கவில்லை, 304-இல் தண்டனை ஆயிற்று. எதிரி எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. கங்காணி தன் சொந்தபந்தத்திலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்ப்பார், அதனால் வெட்டினவரும் வெட்டுப்பட்டவரும் ஒரே சந்தைக்குப் போனவர்களாகவே இருப்பார்கள். பிற்பாடு அந்த வீட்டோடு எங்களுக்குக் கொண்டு கொடுத்த உறவே ஏற்பட்டுவிட்டது. சம்பந்தி வீட்டுக்குப் பதிலாகப் புலி பழியை ஏற்றுக்கொண்டது, பாவம்.

அதனால் பேப்பரில் எதிரியின் பெயர் கிடைத்தால், அது உங்களுக்குத் தெரிந்த குடும்பமாகவே இருக்கலாம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு தேடுங்கள். பேப்பருக்கு மேலே போக வேண்டும் என்றால் கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, சிலாங்கூர் செக்ரடேரியட் கோப்புகள் அங்கேதான். எழுதும்போது எஸ்டேட்டின் ஆங்கிலப் பெயர், தேதி, வழக்கு நடந்த கோர்ட் மூன்றையும் குறிப்பிடுங்கள். இவை இல்லாமல் ‘எங்கள் பெரியப்பாரு கொலை’ என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் பாட்டனைச் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் அடித்துக் கொன்றதாகச் சொல்கிறார்கள். இதே வழி அங்கேயும் எடுபடுமா?
வாசகர், பவானி

பதில்: வழி அதேதான், உழைப்பு கூட. சிங்கப்பூர் போல உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கிடைக்காது. ‘சிலோன் அப்சர்வர்’, ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ இரண்டும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள், கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். 1930-க்குப் பிறகு என்றால் ‘வீரகேசரி’யைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தோட்டத்துச் சண்டையைத் தமிழ்ப் பேப்பர் எழுதுகிற விதமே வேறு, ஆளுக்குப் பெயரும் ஊரும் இருக்கும். செத்தது வேலைநிறுத்தத்திலோ போலீஸ் கையாலோ என்றால் கோர்ட் செய்தியோடு விசாரணைக் கமிஷனையும் தேடுங்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். அதற்கு விசாரணைக் கமிஷனே போட்டார்கள். வருஷம் தெரியாமல் கொழும்புக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரில் குடும்ப வரலாறு எழுதுகிறேன். பினாங்கில் கொலையான எங்கள் முன்னோர் பற்றிய 1920-களின் பேப்பர் செய்தி கையில் இருக்கிறது. எதிரியின் பெயர், ஊர் எல்லாம் போட்டுவிடலாமா?
வாசகர், பெருந்துறை

பதில்: உங்கள் கையில் இருப்பது கைது செய்தியா, தீர்ப்புச் செய்தியா? அதைச் சொல்லவே இல்லையே. கைது மட்டும்தான் என்றால் அந்த ஆள் விடுதலையாகியிருக்கலாம். பினாங்கு அஸைஸஸ் தீர்ப்பைப் பார்க்காமல் ஒரு பெயரையும் அச்சில் ஏற்றாதீர்கள். தீர்ப்பே கையில் இருந்தாலும் உங்கள் முன்னோர் எந்த வருஷம் போனார், எந்தத் தோட்டம், எப்படிச் செத்தார் என்று எழுதுங்கள், வெட்டினவரின் ஊரை விட்டுவிடுங்கள். மலர் எல்லா வீட்டுக்கும் போகும். அந்த ஊர்க்காரர்களும் அதே கோயிலுக்கு வரி கட்டுகிறவர்களா என்று தர்மகர்த்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். பேப்பரின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் கட்டுரைக்கு அடியில் போட மறக்காதீர்கள், உங்கள் பேரன் திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.