அயர்லாந்தில் மகளின் பள்ளிப் படிப்பு

கேள்வி: என் கணவருக்கு டப்ளினில் வேலை கிடைத்து, குடும்பத்துடன் அங்கே குடியேறுகிறோம். 15 வயது மகளை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? ஐரிஷ் மொழி கட்டாயமா?

பதில்: அயர்லாந்தில் இடைநிலைக் கல்வி பொதுவாக 12 வயதில் தொடங்குகிறது, முதல் 3 ஆண்டுகள் ஜூனியர் சைக்கிள், இறுதி 2 ஆண்டுகள் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்டிபிகேட்டுக்கான படிப்பு, இரண்டுக்கும் நடுவே பல பள்ளிகளில் டிரான்சிஷன் இயர் என்னும் ஓராண்டு. பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத அந்த ஆண்டை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். புதிய நாட்டின் பேச்சும் வகுப்பறைப் பழக்கங்களும் உங்கள் மகளுக்குக் கைவர அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. எந்த வகுப்பு என்பதை வயதையும் முன்படிப்பையும் பார்த்துப் பள்ளியே முடிவு செய்யும்.

12 வயதுவரை வெளிநாட்டில் படித்த மாணவர்கள் ஐரிஷ் மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கோரிப் பள்ளிக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். நீங்கள் அங்கே வேலை செய்து வாழும் குடும்பம் என்பதால் அரசு நிதியில் நடக்கும் பள்ளியிலேயே மகளைச் சேர்க்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் அதோடு இணைந்த சில நாடுகளும்) வெளியிலிருந்து படிப்புக்காக மட்டும் வரும் மாணவர்களே கட்டணம் செலுத்தும் தனியார் பள்ளியை நாட வேண்டும்.

பல்கலைக்கழக இடம் பெரும்பாலும் லீவிங் சர்டிபிகேட்டின் சிறந்த 6 பாடப் புள்ளிகளால் முடிவாகிறது. கணிதத்தை உயர்நிலை (Higher Level) என்னும் கடினமான நிலையில் எழுதி 40 சதவீதமோ அதற்கு மேலோ எடுப்பவருக்கு 25 புள்ளிகள் கூடுதலாகக் கிடைப்பதால், கணிதத்தில் நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியரோடு நிதானமாகப் பேசுங்கள்.